வளையல் போட்ட எலி

என் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் அது படுக்கையறைக்கு வருகிறது. இது வீட்டைக் கட்டியவர் செய்த பிழை அல்ல. நானே, என் சொந்தக் கையால், ஒரு கோடை விடுமுறையை முழுதாகச் செலவழித்துச் செய்தது. கைப்பேசியில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்தேன். அவர் சட்டை கசங்கவில்லை. கையில் அழுக்குப் படவில்லை. சிரித்துக்கொண்டே ஒட்டினார். எத்தனையோ தடித்த புத்தகங்களைப் படித்து முடித்தவள், ஒரு சின்னத் தரையை ஒட்டி முடிக்க மாட்டேனா என்று இறங்கிவிட்டேன். தரைக்கு வாட்டம் என்று ஒன்று வேண்டும், அதாவது தண்ணீர் போகிற ஓட்டையை நோக்கித் தரை சரிந்திருக்க வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லித்தான் இருப்பார். அந்த இடத்தில் எனக்கு விளம்பரம் வந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது நான் குளித்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம் என் கணவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "லோயர் கேம்ப்புல தண்ணி தெறந்துட்டாக போல" என்கிறார். அணைத் தண்ணீர் மலையிலிருந்து எங்கள் பக்கம் இறங்குகிற இடம் அது.

குளியலறை முடிந்ததும் சமையலறை, அப்புறம் கூடம் என்று ஒவ்வோர் அறையாக வீட்டையே மாற்றிவிடும் திட்டம் என்னிடம் இருந்தது. அது வீட்டாரின் வேண்டுகோளை ஏற்றுத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் நான் அசரவில்லை. இது எங்கள் ரத்தத்தில் வருவது, கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிவருகிறேன். ஏனென்றால் எங்கள் அம்மா கொத்தனார் ஒருவரும் இல்லாமல், கம்பத்தில் இருந்த எங்கள் வீட்டை அறை அறையாகத் தன் கையாலேயே திருத்தியவள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது மட்டும்தான் உண்மை. என்ன பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

அம்மாவும் பெரியம்மாவும் வடுகபட்டியில் பிறந்த அக்கா தங்கை. அப்பாவும் பெரியப்பாவும் கம்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி. பெரியம்மா முதலில் வாக்கப்பட்டு வந்தாள். பின்னால் அம்மாவைக் கேட்டு நல்ல நல்ல இடங்களாக வந்தபோது, அக்கா இருக்கிற வீட்டுக்குத்தான் போவேன் என்று ஒரே பிடியாக நின்று அப்பாவைக் கட்டிக்கொண்டாளாம். தன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அக்கா நிற்கிற பக்கம் பார்த்தே தாலி வாங்கிக்கொண்டாள் என்று அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு குறை இருந்தது.

அப்படி வந்து சேர்ந்த வீட்டில்தான் அண்ணன் தம்பிக்குச் சண்டை வந்தது. திராட்சைத் தோட்டத்துப் பொதுக்கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்பதில் ஆரம்பித்ததாக அப்பா சொல்வார். அதற்கும் முன்னால் ஒரு டார்ச் லைட்டை வாங்கிப் போய்த் திருப்பித் தராததில் ஆரம்பித்ததாகப் பெரியப்பா சொல்வார். எதில் ஆரம்பித்தாலும் முடிந்தது வீட்டில். நீளவாக்கில் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல். ஒரு சுவர் என்றால் அது யாருடையது? அதில் யார் ஆணி அடிப்பது? யார் சாய்ந்து உட்கார்வது? அண்ணன் சுவரில் நான் சாய மாட்டேன் என்றார் அப்பா. தம்பி சுவரில் என் சட்டை தொங்காது என்றார் பெரியப்பா. ஆகவே ஆளுக்கொரு சுவர் கட்டிக்கொண்டார்கள், முதுகோடு முதுகாக, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. ஒரே கொத்தனார்தான் காலையில் எங்கள் சுவரையும் மதியத்துக்கு மேல் அவர்கள் சுவரையும் கட்டினார். இரண்டு வீட்டிலும் காபி குடித்தார். இந்த ஊரில் இன்னும் நாலு அண்ணன் தம்பி இப்படி இருந்தால் தன் பிள்ளைகளைக் கரையேற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சுவர் ஏறியதும் சட்டமும் ஏறியது. அந்த வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது, பேச்சு வைக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. குழாயடியில் பார்த்துப் பேசலாமே என்றால், எங்கள் தெருக் குழாயடியில் பேசினால் தண்ணீர்க் குடம் வீட்டுக்கு வரும் முன்னால் பேச்சு வந்துவிடும். அம்மா கொஞ்ச நாள் சோறு வடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்காக இத்தனை தூரம் வந்தவளுக்கு, அக்கா ஒரு சாண் தள்ளி இருந்தாள்.

பிறகு ஒருநாள் திடீரென்று எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டாள்.

முதலில் முன்னறை. "அங்கன சொவத்துல அலமாரி பதிக்கிறாகளாம்" என்று அப்பாவிடம் போகிறபோக்கில் சொன்னாள்.

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "யாரு, அந்தாளா?"

"இடிக்கிற சத்தம் கேக்குதுல்ல."

"அப்ப நமக்கு ரெண்டு அலமாரி போடு. கொத்தனாரைக் கூப்புடவா?"

"அதெல்லாம் வேணாங்க. நானே பாத்துக்கிருவேன்."

சத்தம் நிஜமாகவே கேட்டதா என்று அப்பா யோசிக்கவில்லை. அன்று மதியம் அம்மா இடித்த சத்தம் அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமும் இடிக்கிற சத்தம் கேட்டது. "பாத்தியா, நம்மளைப் பாத்துச் செய்யிறான்" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். சுவருக்கு அப்பால் பெரியப்பாவும் மீசையைத்தான் தடவிக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் வேலைமுறை எனக்குப் பெரிய வேடிக்கை. பூண்டு நசுக்கும் குழவிதான் சுத்தியல். தோசைத் திருப்பிதான் பூசுகிற கரணை. விளக்கெண்ணெய் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து மட்டம் பார்ப்பாள். நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். மாவு சலிக்கிற சல்லடையில் மணல் சலித்தாள். அந்த வாரம் முழுவதும் இட்லியில் அது தெரிந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் ஒன்று செய்வாள். சுவரில் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். தட்டுவாள், கேட்பாள், கொஞ்சம் தள்ளிப் போவாள், மறுபடி தட்டுவாள். தேங்காய் வாங்குகிற மாதிரி.

"என்னம்மா கேக்குற?"

"சொவரு கெட்டியா இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"வாய மூடு, கேக்க விடு."

முன்னறையில் கொஞ்சம் தோண்டிவிட்டு, இந்த ஆழம் போதும் என்று பூசி, அலமாரி ஆக்கி, அதில் ரேடியோவை வைத்துவிட்டாள். அடுத்து நடு அறை. அங்கேயும் தட்டினாள், கேட்டாள், தோண்டினாள், உதட்டைப் பிதுக்கினாள், பூசினாள். அது சாமி மாடம் ஆயிற்று. வீரபாண்டி மாரியம்மன் படம் ஏறியது. எனக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. வீட்டுக்கு நாலு பக்கமும் சுவர் இருந்தது. மேற்குச் சுவரில் காரை உதிர்ந்து செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எந்த அறைக்குப் போனாலும் அந்த ஒரே சுவரைத்தான் திருத்தினாள். கேட்டதற்கு, "புதுச் சொவருடி, அதுலதான் வேல நிக்கும்" என்றாள். அதை நான் கட்டடக்கலையின் ரகசியமாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகச் சமையலறை. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தட்டினாள். காதை வைத்தாள். அந்தப் பக்கமிருந்தும் டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கும் கேட்டது.

"அம்மா, உள்ள எலி!"

"ஆமா, எலிதான்" என்றாள் அம்மா. சுவர் ஏறிய நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எலிக்கு இத்தனை சந்தோஷப்படுகிற பெண்பிள்ளையை அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

சமையலறை அலமாரி மற்றவற்றைவிட ஆழமாக அமைந்தது. அடித்தட்டில் பருப்பு டின், மல்லி டின், வற்றல் டின் என்று நெருக்கமாக அடுக்கி, அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பூச்சு இன்னும் காயவில்லையாம். அந்தப் பூச்சு இரண்டு வருஷமாகியும் காயாமலே இருந்தது.

அதன் பிறகு வீட்டில் விநோதங்கள் தொடங்கின. சமையலறைக்கு அம்மா நீல பெயிண்ட் அடித்தாள். பெயிண்ட் டப்பா எங்கள் வீட்டில் இருந்தது, மூடியைக் காணவில்லை. பெரியம்மா மகளும் நானும் ஒரே வகுப்பு. பேசக் கூடாது என்ற சட்டம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். அவள் ரிப்பனில் அதே நீலம் ஒட்டியிருந்தது. அவள் வீட்டில் ஒரு பெயிண்ட் மூடி கிடப்பதாகவும் டப்பாவைத்தான் காணவில்லை என்றும் சொன்னாள். அவளுடைய தூக்குச்சட்டியைத் திறந்தால் என் தூக்குச்சட்டியில் இருக்கிற அதே பூண்டுக் குழம்பு. ஒருநாள் அப்பா சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "மதினி வைக்கிற கொழம்பு மாதிரியே இருக்கே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தண்ணீரைக் குடித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே கைப்பக்குவம்" என்றாள் அம்மா, கண்ணை நிமிர்த்தாமல். அப்பா மறுபடி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா நடு அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் அச்சுவெல்லம் தேடிச் சமையலறைக்குள் போனேன். வெல்லத்தை அம்மா எங்கே ஒளித்திருப்பாள் என்று நான் அறிவியல் முறையில் சிந்தித்தேன். யாரும் தொடக் கூடாத தட்டில்தானே ஒளிப்பாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பருப்பு டின்னை நகர்த்தினேன். பின்னால் இருட்டாக ஓர் ஓட்டை. கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போயிற்று. அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை வந்து, என் கையைப் பிடித்து, அதில் ஒரு சூடான கிண்ணத்தை வைத்து, "ஏடி, வெரசாப் புடி, சுடுது" என்றது.

நான் கத்திய கத்தலில் தெருவில் போன மாடு நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். கிண்ணம் உருண்டது. அப்பா எச்சில் கையோடு ஓடி வந்தார். அம்மா அவருக்கு முந்திக்கொண்டு வந்து அலமாரியை மறைத்து நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. சுவர் ஏறிய நாளில்கூட அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"என்னாச்சு, ஆத்தா?"

"எலிங்க" என்றாள் அம்மா எனக்கு முன்னால். "பெருச்சாளி. புள்ள பயந்துருச்சு."

"கை வச்சிருந்துச்சுப்பா" என்றேன் அழுகையோடு. "வளையல் போட்டிருந்துச்சு."

அப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பயத்துல ஒளறுது. சாயந்தரம் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போய் ஓதி ஊதச் சொல்லிட்டு வந்துரு." பிறகு மூலையில் கிடந்த பந்தல் கம்பை எடுத்தார். "தள்ளு. இன்னிக்கு அத விடுறதில்ல."

அம்மா தள்ளவில்லை. "சாப்புட்டுட்டு அடிக்கலாங்க."

"எலி நான் சாப்புடுற வரைக்கும் ஒக்காந்திருக்குமா?"

அம்மா நகர்ந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா டின்களை ஒதுக்கினார், ஓட்டையைப் பார்த்தார், "அடேயப்பா, எப்படிக் கொடஞ்சு வச்சிருக்கு" என்று வியந்தார், கம்பை உள்ளே விட்டார். ஒரு முட்டு. இரண்டாவது முட்டில் கம்பு நின்றது. மூன்றாவதில் உள்ளிருந்து யாரோ திருப்பி முட்டினார்கள்.

"ஏய், எதுத்து முட்டுதுடி!"

என் கத்தலைக் கேட்டுச் சுவருக்கு அப்பால் பெரியப்பாவும் ஓடி வந்திருக்கிறார். பெரியம்மாவும் பதறிப்போய் அதே பெருச்சாளியைத்தான் சொல்லியிருக்கிறாள். அக்கா தங்கைக்குப் பொய்யும் ஒரே மாதிரிதான் வரும். அவரும் கம்பை விட்டிருக்கிறார். இந்தப் பக்கம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள, அந்தப் பக்கம் பெரியப்பா தள்ள, கொஞ்ச நேரம் அந்தப் பெருச்சாளி இருவருக்கும் சரியான ஈடு கொடுத்தது. அப்பா தன் கம்பை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய அந்தப் பக்கத்துக் கம்பின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே! எவன்டா அது, கம்ப இழுக்குறது?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. அவரை உலகத்தில் ஏலே என்று கூப்பிட ஒரே ஆளுக்குத்தான் பாத்தியதை. அந்தக் குரல் அந்த வீட்டில் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. இந்த ஓட்டை எலி போட்டதல்ல என்பது இன்னும் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். வந்தால் அலமாரியோடு சேர்த்து எல்லாம் அடைபட்டுவிடும். எனக்கு இதெல்லாம் தெரியாது. எலி பேசியதில் நான் மலைத்துப் போயிருந்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நான் எலி அடிக்கிறேன்."

"நானும் எலிதான்டா அடிக்கிறேன்."

"எலி ஒங்க பக்கத்துலருந்துதான் வந்துச்சு."

"எங்க வீட்டுல ஏதுடா எலி? நெல்ல மூட்டையாக் கட்டி வச்சிருக்கோம், ஒரு மூட்டையில ஓட்டையில்ல. ஒன் வீட்டு எலி."

"ஒங்க மூட்டையத் திங்கத்தான் வருது! எங்கன தீனியோ அங்கதான எலி?"

"தீனி எங்கனயோ இருக்கட்டும், அது பொறந்த வீடு எது?"

அன்று மதியம் முழுவதும் அந்த ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்து, இல்லாத ஓர் எலியின் பூர்வீகத்தைப் பற்றி வழக்காடினார்கள். அப்பாவின் கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் பேசாதவர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் எலி மேல் இறக்கினார்கள். மோட்டார் வந்தது, டார்ச் லைட் வந்தது. எலி நடுநடுவே வந்து போயிற்று.

கடைசியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஓட்டையை அடைக்க வேண்டும். உடனே அடுத்த சிக்கல் வந்தது. யார் அடைப்பது? அடைப்பவன், எலி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவன் ஆகிறான்.

"ஓட்டைய அடைக்கிறது எலிக்காரன் வேல" என்றார் பெரியப்பா.

"அதத்தான் நானும் சொல்றேன். நீங்க அடைங்க" என்றார் அப்பா. நீங்க என்று சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே அது அடைபடவில்லை. ஒருத்தர் சுவரில் இன்னொருத்தர் சாயமாட்டேன் என்று இரண்டு சுவர் கட்டிய அதே மூளைகள், ஒருத்தர் எலியை இன்னொருத்தர் ஏற்கமாட்டேன் என்று இரண்டு சுவரிலும் ஓட்டையை அப்படியே விட்டு வைத்தன. தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்ததும் அப்பா நேரே சமையலறைக்குப் போய்க் குனிவார்.

"இங்கன வரல. அங்கன வந்துச்சா?"

"வரலடா. நீ பொறி வச்சியா?"

"நான் எதுக்கு வைக்கணும்?"

அப்புறம் திராட்சை விலை, மருந்து அடிப்பு, மழை. குனிந்து குனிந்து இடுப்பு வலித்ததால் பெரியவர்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்து ஓட்டையை மேலே தள்ளிப் பெரிதாக்கினார்கள். இப்போது அது சன்னல். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, தனித்தனித் தாழ்ப்பாள். ஆளுக்கொரு தச்சர்.

எனக்கும் பெரியம்மா மகளுக்கும் மட்டும் எலி தீரவில்லை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நான் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அதுக்கு வளையல் இருந்துச்சுடி. பச்சைக் கண்ணாடி வளையல்."

அவள் வியக்கவில்லை. "எங்க பக்கத்து எலிக்குச் செவப்பு வளையல். நானே பாத்தேன். எங்கம்மாகிட்ட மல்லித்தூளு வாங்கிட்டுப் போச்சு."

இரண்டும் பெண் எலிகள் என்றும், வசதியான எலிகள் என்றும் ஒரு முடிவுக்கு வந்தோம். என் அம்மா கையில் கிடந்தது சிவப்பு வளையல், பெரியம்மா கையில் பச்சை. அதையும் நான் கவனித்தேன். எலிகள் வளையலைத் திருடியிருந்தால் இவர்கள் கையில் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. வளர்ந்தால் எலி புரிந்துவிடுகிறது. ஆனால் அம்மாவின் கைவேலை மீது எனக்கிருந்த மரியாதை மட்டும் குறையவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்காத பெண், தோசைத் திருப்பியையும் விளக்கெண்ணெய் பாட்டிலையும் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒரு வீட்டை மேம்படுத்தினாள், அந்தப் பெரிய பணியின் ஓரத்தில் அக்காவுக்காக ஓர் ஓட்டையையும் போட்டுக்கொண்டாள் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் தரையைப் பெயர்த்தேன்.

போன மாதம் அம்மா தேனியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். குளியலறையைக் காட்டினேன். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் சாய்த்தாள். அது ஓட்டையைப் பார்த்தது, திரும்பியது, வாசலைத் தாண்டிக் கட்டிலை நோக்கிப் போயிற்று. அம்மா கடைசிவரை அதைக் கண்ணால் வழியனுப்பினாள்.

"ஒனக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?" என்றேன். "வீடு பூரா நீயே செஞ்சியே."

"எனக்கு எங்கடி வந்துச்சு? எங்கக்காகூடப் பேச ஒரு ஓட்டை வேணும்னு பாத்தேன். முன்னறையில தட்டுனா அந்தப் பக்கம் ஒங்க பெரியப்பா கட்டுலு. நடு ரூம்புல தட்டுனா நெல்லு மூட்டை. தோண்டுனதச் சும்மா விட்டா ஒங்கப்பா கேப்பாகல்ல? அதான் இது அலமாரி, இது சாமி மாடம்னு பூசி வச்சேன். அலமாரி யாருக்கு வேணும்?"

அம்மா செம்பை வைத்துவிட்டு, ஈரக் காலைப் படுக்கையறை மிதியடியில் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டையே இல்லாத ரெண்டு சொவத்துல நான் ஓட்டை போட்டு கொழம்பு கொண்டுபோய்ச் சேத்தேன். நீ என்னடான்னா, இருக்குற ஓட்டைக்குத் தண்ணியக் கொண்டுபோய்ச் சேக்க மாட்டேங்குற."